சுமலதாவின் சாட்சி

மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் போட்ட தகரக் கொட்டகையில், ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரம். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கும் வெயில், பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முக்காடுகள்மேல் புள்ளி புள்ளியாக நிற்கிறது. சுமலதா எழுந்திருக்கிறாள். அவள் எழுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவளுடைய சாட்சி சபைக்கே மனப்பாடம்: இருதய நோயில் டாக்டர்கள் கைவிட்ட கணவன் கோபி, ஜெபத்தில் பிழைத்து வந்த கதை. அதை வைத்துத்தான் அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். போன மாதம் அதே இருதயம் கோபியைக் கொண்டுபோய்விட்டது. பழக்கத்தில் வாய் தொடங்குகிறது: "எங்கூட்டுக்காரருக்குக் கர்த்தர் உசுரு குடுத்தாரு..." அப்படியே நின்றுவிடுகிறது. கீழே டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. "உக்காரும்மா, பரவால்ல," என்கிறார் பாஸ்டர், தரையைப் பார்த்தபடி. அவள் உட்காரவில்லை. "அந்தச் சாட்சி போயிருச்சுங்க ஐயா. அதோட விசுவாசமும் போயிருக்கும்னுதான் நெனச்சேன். காலையில ஷிப்டு முடிஞ்சு வந்து அடுப்பு பத்த வெக்கறேன், வாய் தன்னால 'ஏசப்பா'ங்குது. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. சும்மா கூப்புடறேன். அவரு இருக்கறாரு." தான் சொன்னதை இப்போதுதான் கேட்டவள்போல விழிக்கிறாள். ஒவ்வொரு சாட்சிக்கும் எழுகிற அல்லேலூயா இப்போது எழவில்லை. முன்வரிசையில் நாகம்மா தூக்கிய டாம்பரினை இன்னும் தட்டவில்லை; அதன் சின்னத் தகடுகள் மட்டும் சன்னமாகக் கலகலத்துக்கொண்டிருக்கின்றன.