காயாத பட்டி

சீலிங்கில் இருந்த ஓட்டைக்குள் கமலக்கண்ணன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். ஜில்லென்று இரும்பு தட்டுப்பட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

எஸ்டேட் ஜீப்பைக் கொண்டை ஊசி வளைவுகளில் காலமெல்லாம் ஓட்டிய மனிதர். இன்று ஒரு ஸ்டூலில் ஏற அதை மூன்று தடவை ஆட்டிப் பார்த்திருந்தார்.

மகள் வெண்ணிலா சாயங்காலம் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். கொஞ்ச நாள் படுத்தே கிடக்க வேண்டுமாம், அவளுடைய சித்தி ராணி போனில் சொன்னாள். படுக்கப் போவது இந்த அறையில், இந்தக் கட்டிலில். மல்லாந்து படுத்தால் நேரே கண்ணில் படுவது இந்த ஓட்டைதான்.

அவள் வருவதற்குள் இதை மூடிவிட வேண்டும். மூடியதும் தெரியக் கூடாது.

தகரக் கூரையின் குளிர் இறங்காமலிருக்க அடித்த ஜிப்சம் சீலிங் அது. அடித்துக் கொடுத்த ஆட்களைக் கூப்பிடலாம். வந்தால் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்பார்கள். யாருக்கும் பதில் சொல்கிற தெம்பு அவருக்கு இல்லை.

காலையில் ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் கேட்டுவிட்டார்.

“எலிங்களா?”

“ஆமாங்க. எலிதானுங்க.”

கடைக்காரர் எலிமருந்து ஒரு பாக்கெட்டையும் சேர்த்துத் தலையில் கட்டி அனுப்பினார். கமலக்கண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைக்காரர் சொன்னபடியே செய்தார். ஓட்டையைச் சதுரமாக அறுத்தார். உள்ளே குறுக்காக ஒரு மரச்சட்டத்தைச் செருகி ஸ்குரூ போட்டார். போர்டுத் துண்டு முதல்முறை பெரிதாகிவிட்டது, மறுமுறை சின்னதாகிவிட்டது. கீழே நின்று எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் லேசான வேலைதான்.

“பானு, அந்த ஸ்குரூவ எடு” என்று கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. மனைவி போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் இந்த வாய்க்கு உறைக்கவில்லை. தானே இறங்கி எடுத்துக்கொண்டு ஏறி, மூன்றாவதாக அறுத்த துண்டை முடுக்கினார்.

இடுக்கு தெரியாமல் வலை டேப் ஒட்டி, மேலே பட்டி மாவைக் குழைத்துப் பூசினார். முதல் தடவைக்கு நன்றாகவே வழவழவென்று உட்கார்ந்தது. காயத்தான் காணோம்.

ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் எதுவும் தெரியாமல் பனி நின்றது. துவைத்த வேட்டியே நாள் கணக்கில் காயாத ஊர். ஃபேன் போடலாமென்றால், ஏற்காட்டில் யார் வீட்டில் ஃபேன் இருக்கிறது?

முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். அண்ணாந்து சீலிங்குக்கு விசிறினார். யாராவது பார்த்தால் மனுஷனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. தோள்பட்டை கடுக்கும்வரை விசிறினார்.

வாசலில் கார் சத்தம் கேட்டது.

பட்டி இன்னும் ஈரமாகவே இருந்தது. வெள்ளைச் சீலிங்கில் சாம்பல் நிறமாக ஒரு சதுரம்.

ஸ்டூலை இழுத்து மூலையில் போட்டார். கட்டிலில் விழுந்த தூளைத் தட்டிவிட்டுப் புதுப் போர்வையை விரித்தார்.

ராணி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் வெண்ணிலா. சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அதற்குள் கைகள் இரண்டையும் வெறுமனே கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைகளில் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்து அவள் பிரசவத்துக்கு வந்த வாரமே சீலிங்கில் அந்த ஓட்டையைப் போட்டவர் கமலக்கண்ணன்தான். மேலே உத்திரத்தில் கொக்கி மாட்டிப் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டுமென்று அத்தனை அவசரம். பிள்ளை பிறக்கும் முன்னே தூளிக்கு இடம் பார்க்காதீங்க என்று கையைப் பிடித்துத் தடுக்க வீட்டில் மூத்த பெண்கள் யாரும் இல்லை.

பிள்ளை தங்காததற்கு டாக்டர் வேறு ஏதோ காரணம் சொன்னார். அது கமலக்கண்ணன் காதில் ஏறவில்லை. என் கைதான், என் கைதான் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

வெண்ணிலா மல்லாந்து படுத்தாள். ஈரச் சதுரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பா, கொக்கியக் கழட்டீட்டீங்களா?”

அவளிடம் சொல்ல அவருக்கு எலி எதுவும் அகப்படவில்லை.

“இல்ல கண்ணு. கை வரல. உள்ளயேதான் இருக்குது.”

வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருக்கட்டுங்கப்பா.”