தண்ணியில் போகாத மேக்கப்

"ஏனுங்க, மொகம் கழுவணும். கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்றபடி மாப்பிள்ளையின் அம்மா திலகமணி, கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார்.

பெண்ணின் அம்மா ஞானஜோதி பஜ்ஜித் தட்டை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க அது?"

"மேக்கப்பு எடுக்கற எண்ணெய்ங்க. இப்ப பூசறதெல்லாம் வெறும் தண்ணிக்கு எங்க போகுது? இதைத் தேய்ச்சாத்தான் வழிச்சுட்டு வரும். வெறும் மொகத்தைப் பார்த்துட்டு அப்புறம் மத்ததைப் பேசிக்கலாமுங்க."

பெண் பார்க்க வந்த வீட்டில் பேசுகிற பேச்சா இது? இன்னும் பஜ்ஜியைக்கூட ஒரு கடி கடிக்கவில்லை.

ஞானஜோதிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

உள் அறையில் பட்டுப்புடவையோடு காத்திருக்கும் அவள் மகள் கிருத்திகாவுக்கு இடது கன்னத்தில் பெரிய தழும்பு. சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. அதைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குப் போயிச் சொல்லி விடறோமுங்க" என்று நழுவியவர்கள்தான் இதுவரை வந்தவர்கள் எல்லாம். புருஷனும் இல்லாத வீடு. அதனால்தான் இந்த முறை கொழிஞ்சாம்பாறையிலிருந்து பியூட்டி பார்லர் நிமியை, எல்லையோரத்துத் தங்கள் ஊர் வடகரப்பதிக்கே வரவழைத்து, தழும்பு இருந்த சுவடு தெரியாமல் பூசி வைத்திருந்தாள்.

அப்படியும் காலையில் தரகர் குப்பண்ணன் போனில் சொன்னதிலிருந்து அவளுக்கு வாயில் பச்சைத் தண்ணி இறங்கவில்லை.

"மாப்பிள்ளையோட அம்மா, அந்த எலப்புள்ளிக்காரம்மா சொல்லி விட்டாங்க அம்மிணி. மொகத்துல ஒரு பாடு இருக்குதாமா. அதை நேர்ல பார்த்துப்போட்டுத்தான் மேற்கொண்டு பேச்சுன்னாங்க."

தழும்போ புள்ளியோ, முகத்தில் எது இருந்தாலும் அந்தப் பக்கத்து மலையாளப் பேச்சில் பாடுதான். எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான் என்று ஞானஜோதி காலையிலிருந்து ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சபித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிங்களா... மோட்டார் ரிப்பேருங்க. டேங்குல சொட்டுக்கூட இல்லீங்க" என்றாள் இப்போது.

"ஒரு சொம்பு வெள்ளம் போதுமுங்க. இந்தா, குடிக்க வெச்சது இருக்குதே."

"இருங்க, இதோ வந்தர்றேன்."

உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"தெரிஞ்சு போச்சு கண்ணு. எண்ணெயும் கையுமா வந்து உக்காந்திருக்கறா அந்தம்மா. இப்ப என்ன பண்ணறது?"

கிருத்திகா நிதானமாகத்தான் இருந்தாள். "கழுவிப்போடறேன்மா."

"என்ன சொல்றே?"

"வர்றப்பவே சன்னல் வழியா மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவரை எனக்குப் புடிச்சிருக்குது. அதனாலதான் சொல்றேன். ஏமாத்திக் கட்டிக்கிட்டுப் போயி, தெனமும் மொகம் கழுவறதுக்கே பயந்துட்டு இருக்கச் சொல்றியா?"

"வாயை மூடு! இதும் போச்சுன்னா உன்னை யாரு கட்டுவா? நாளைக்கு நான் கண்ணை மூடிட்டா உனக்கு யாரு இருக்கறா?"



"அம்மிணி! அந்தம்மா கூப்படறாங்க!" வெளியிலிருந்து குப்பண்ணன் கத்தினார்.

ஞானஜோதி கதவைப் பிடித்தபடி யோசித்தாள். தலைவலி என்று சொல்லலாமா? மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று சொல்லலாமா? எதுவும் உருப்படியாகத் தோன்றவில்லை. "நீ எடத்தை விட்டு அசையப்படாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சாமியை வேண்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை சந்தீப் சட்டைக் காலரில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, உள்ளங்கையில் அந்த எண்ணெயை ஊற்றித் தன் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். சொம்புத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்ததும் எண்ணெய் பாலாக வெளுத்தது. துண்டால் துடைத்தான். துண்டெல்லாம் பூச்சு.

வாயைச் சுற்றியும் கண்ணோரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"வெண்புள்ளிங்க" என்றார் திலகமணி. "ஒட்டிக்கற நோவு இல்லீங்க. இருந்தாலும் உள்ளதைச் சொல்லணுமல்லங்க? அதுக்குத்தான் பையன் மொகத்துல பாடு இருக்குன்னு குப்பண்ணன்கிட்டச் சொல்லி விட்டனுங்க. வர்ற வழியில எங்க நாத்தனா, சொன்னாக் கேக்காம இந்த மேக்கப்பைப் பூசி விட்டுட்டா. எம்மனசு ஒப்பலீங்க. பொண்ணு இந்த மொகத்தைப் பார்த்துட்டுச் சரின்னு சொன்னாப் போதும். வேண்டாம்னாலும் எங்களுக்கு வருத்தமில்லீங்க."

சந்தீப் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தான்.

'பையன் மொகத்துல' என்பதில் பையனை வழியிலேயே தொலைத்துவிட்டு வந்த குப்பண்ணன், பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானஜோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குப்பண்ணா, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

அறைக்குள் கிருத்திகா கதவிடுக்கில் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"அந்த பாட்டிலை வாங்கிட்டு வாம்மா. நானும் கழுவிக்கறேன்."

ஞானஜோதி அதைக் காதில் வாங்கவில்லை. பவுடர் டப்பாவைத் திறந்து, மகளின் இடது கன்னத்தில் கண்ணீர் ஓடிய கோட்டைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சரிசெய்தாள். பிறகு குப்பண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இந்த எடம் வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. இத்தனை பெரிய குறையை வெச்சுக்கிட்டு, மேக்கப்பைப் பூசி மறைச்சுட்டு வர்ற சனத்தை நம்பி எப்படிங்க பொண்ணைக் குடுக்கறது?"