வாதியின் பெயர்

நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் மேல் என்ன சந்தேகம்?"

கேள்வி அவனுக்கு இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு.

அவன் தன் வழக்கறிஞர் எலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் மேசைக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி. விமான நிலையங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு பிறந்த மகன்கள் இருவரும் இப்போது அவனைவிட உயரம். குடியுரிமை நேர்காணலில் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னான். அதிகாரி கை குலுக்கினார். பின்னணிச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி என்றார்.

அந்த 'மட்டும்' வருடக்கணக்கில் நீண்டது.

முகம்மது இஸ்மாயில். உலகத்தில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவன் எங்கேயோ எதையோ செய்திருக்கலாம். அவன் வேறு, இவன் வேறு என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

யாரும் போடவில்லை.

கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். பரிசீலனையில் இருக்கிறது.

காயல்பட்டினத்தில் அவனைப் பெற்ற வாப்பா தனியாக இருந்தார். இவன் குடிமகன் ஆனால்தான் அவரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியும். வாப்பா அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன் என்பார். குளியலறையில் வழுக்கி விழுந்ததைக்கூடப் பக்கத்து வீட்டார்தான் போனில் சொன்னார்கள்.

அன்றைக்குத்தான் அவன் எலனைத் தேடிப் போனான்.

எலன் சுற்றி வளைக்கவில்லை. நேர்காணல் முடிந்து நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதியே முடிவெடுக்கலாம். இல்லையென்றால் கெடு வைத்துக் குடியுரிமை அலுவலகத்தை முடிவெடுக்கச் சொல்லலாம்.

வீட்டில் சொன்னதும் மனைவி நஃபீசா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கவர்மென்டு மேலயா கேஸு? வேணாம் மச்சான். இருக்குற கிரீன் கார்டையும் புடுங்கிட்டாங்கன்னா?"

பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் வயதில் மூத்த புஹாரி காக்கா ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சத்தங்காட்டாம இரு. பேரைச் சுருக்கி 'மோ'ன்னு வச்சிக்கோ. ஒரு பய ஒண்ணுங் கேக்க மாட்டான்."

அவன் சிரித்து வைத்தான்.

மறுநாள் வழக்குப் போட்டான்.

மனுவின் நகல் வந்தபோது முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான். மேலே அவன் பெயர். நடுவில் 'எதிர்' என்று ஒரு சொல். கீழே துறைச் செயலாளர், இயக்குநர், பெரிய பெரிய பதவிகள்.

போன இடத்திலெல்லாம் அவனை ஓரமாக நிறுத்திய பெயர்.

இங்கே முன்னால் நின்றது.

நஃபீசா வாங்கிப் படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இவ்வளவு பெரிய ஆளுங்களையா மச்சான் கோர்ட்டுக்குக் கூப்புட்டிருக்கீங்க?"

இப்போது அவள் நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்தாள். அவள் தொண்டையைச் செருமுவது அவனுக்குக் கேட்டது.

அரசு வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"சந்தேகம் என்று எதுவும் இல்லை, யுவர் ஆனர். பெயர் சரிபார்ப்பு முடியவில்லை."

"எப்போது முடியும்?"

"சொல்வதற்கில்லை."

"நான் சொல்லட்டுமா?" என்றார் நீதிபதி. "நீங்கள் முடிக்கிறீர்களா, இல்லை இவருக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என்று இங்கேயே நான் முடிக்கவா? எது வசதி?"



அரசு வழக்கறிஞர் ஒரு மாதம் கேட்டார்.

நீதிபதி ஒரு வாரம் கொடுத்தார்.

அவன் கைகளை மேசையிலிருந்து எடுத்து, கட்டிக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

வாரம் முடியவில்லை. அதற்குள் தகவல் வந்துவிட்டது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

உறுதிமொழி அதே கட்டடத்தில். அதே நீதிபதி. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அவன் முறை வந்தது. நீதிபதி ஒரு நொடி நிறுத்தி, நிதானமாக வாசித்தார்.

"முகம்மது இஸ்மாயில் சதக்கத்துல்லா."

ஓர் எழுத்து பிசகவில்லை.

எழுந்தான். பின்னாலிருந்து மகன்கள் விசிலடித்தார்கள். நஃபீசா இருவரையும் அடக்கவில்லை. அவளே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

நீதிபதி சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே நின்று வாப்பாவை அழைத்தான்.

"கேஸ் போட்டதுக்குக் கோவிச்சிக்கிட்டாங்களா வாப்பா?" மகனையும் அவர் வாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"இல்ல வாப்பா. ஜட்ஜம்மா கை குடுத்தாங்க. முழுப் பேரையும் சொல்லிக் கூப்புட்டாங்க."

"முழுசாவா? எம்பேரையும் சேத்தா?"

"உங்க பேரையும் சேத்துத்தான். கூடம் பூராக் கேட்டுச்சு."

  

வாப்பா மூக்கை உறிஞ்சினார்.

"அங்கெ உள்ள குளிருக்கு என் கம்பளிச் சட்டை பத்துமா?"

அவன் வாய் திறப்பதற்குள் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.