பாக்கு உரிக்கிற காலத்து வலி

“நேத்து எந்தப் பக்கம் வலிக்குதுன்னீங்க?” பாக்கு உரிக்கும் கையை நிறுத்தாமல் கேட்டாள் ஹூவம்மா.

“வலது விலாவுல. எரியுதுடி. சட்டை பட்டாலே உயிர் போகுது,” என்றான் அவள் புருஷன் சௌடப்பா.

“இன்னிக்கு?”

“அதே இடம்தான்.”

“முந்தாநாளு?”

“எத்தனை தடவ கேப்ப? அதே இடம்.”

கூட உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். வருஷா வருஷம் பாக்குக் குலை இறங்கியதும் சௌடப்பாவுக்கு எங்காவது வலி வந்துவிடும்.

“போன வருஷம் முழங்கால். காலைல வலது காலை நொண்டுனாரு, சோறு வந்ததும் இடது காலை நொண்டுனாரு,” என்றாள் பக்கத்து வீட்டு ரங்கக்கா.

இந்தத் தடவை நிஜமான வலி. அதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது? மூன்று நாள் வெறும் எரிச்சலாக இருந்தது, இன்று காலையில் பொரிந்திருந்தது. வேறு வழியில்லாமல் சட்டையைத் தூக்கினான். முதுகுத்தண்டில் ஆரம்பித்துத் தொப்புளோடு நின்றுவிட்ட அரைப் பட்டை. சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம்.

ரங்கக்காவின் சிரிப்பு நின்றது. “இது அக்கி, சர்ப்பச் சுத்து. தலையும் வாலும் சேர்ந்துட்டா ஆள் தங்காது. காவி பூசுறவரைக் கூப்பிடணும்.”

சௌடப்பா குனிந்து, தலைக்கும் வாலுக்கும் இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்தான். ஹூவம்மா நிமிரக்கூட இல்லை.

“பூசலாம், பூசலாம். முதல்ல ரோட்டுக்குப் போங்க. என் தம்பி ஜீப்போட நிக்கிறான். ஒரு மூட்டை ஏத்தணுமாம்.”

கல் நெஞ்சுக்காரி. செத்தால்தான் நம்புவாள் போலிருக்கிறது. சட்டையை விரலால் தூக்கிப் பிடித்தபடி முனகிக்கொண்டே ரோட்டுக்குப் போனான்.

ஜீப் காலியாக நின்றது. மைத்துனன் மஞ்சப்பா கதவைத் திறந்துவிட்டான்.

“மூட்டை எங்கடா?”

“நீங்கதான் மாமா மூட்டை. ஏறுங்க, ஆஸ்பத்திரிக்கு. நீங்க தூங்கறப்பவே அக்கா கொப்புளத்தைப் பாத்துட்டு நர்ஸம்மாகிட்ட கேட்டுடுச்சு. சீக்கிரம் மாத்திரை போட்டாதான் வலி தங்காதாம். முன்னாடியே சொன்னா நீங்க தோட்டத்துக்குள்ள ஓடிருவீங்கன்னுதான் சொல்லல.”

“அவளா? அவ என்னை நம்பவே இல்லையேடா.”

“நாலு நாளா ஒரே பக்கம் வலிக்குதுங்கறாரு, பதினெட்டு வருஷத்துல இப்படி நடந்ததே இல்லடான்னு போன்ல ஒரே அழுகை, மாமா.”