முந்திக் கேட்ட இரைச்சல்

"இரு ரஞ்சனி, பிளைட்டு போயிறட்டும்" என்று பேச்சைப் பாதியில் நிறுத்தினான் நிலவழகன்.

சிவரஞ்சனி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

அவள் கணவன் ஷார்ஜாவுக்குப் போய் இரண்டரை வருஷம். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. அவன் கூப்பிடுகிற நேரம் பார்த்துத்தான், மாத்தூரை அடுத்த இந்த ஓட்டு வீட்டுக்கு மேலே, திருச்சியில் இறங்கும் விமானம் ஏதாவது ஒன்று வரும். ஓடு அதிரும். எத்தனையோ பேச்சு அந்த இரைச்சலில் அடிபட்டுப் போயிருக்கிறது. 'ஒங்களத் தேடுதுங்க' என்று ஒருநாள் சொன்னது அவனுக்குக் கேட்கவேயில்லை. திரும்பச் சொல்ல அவளுக்குக் கூச்சமாயிருந்தது.

எப்போதும் "இருங்க" என்று சொல்வது அவள்தான். இன்று அவன் சொன்னான்.

அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை.

இரைச்சல் போனுக்குள்ளிருந்து வந்தது. அங்கேயும் விமானம் பறக்காதா என்ன, என்று நினைத்துக்கொண்டாள்.

போனுக்குள் அது அடங்கத் தொடங்கியபோது, மெயின் ரோட்டுப் பக்கமிருந்து, தைல மரங்களுக்கு மேலே விமானம் தலைகாட்டியது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் அது வீட்டுக்கு வரும். ஓடு அதிர்ந்தது.

அது கடந்து போனதும் போனில் ஒரு விசில் கேட்டது. பிறகு, தூரத்தில் ஒரு கண்டக்டரின் குரல்: கீரனூர், புதுக்கோட்டை.

"சொல்லு, என்ன சொல்லிக்கிட்டிருந்த?" என்றான் நிலவழகன்.

"ஒண்ணுமில்லங்க. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்."

வாளியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். செருப்புப் போடவில்லை என்பது தார் ரோட்டில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது.

அவன் பேசிக்கொண்டே வந்தான். அங்கே வெயில் தாங்கவில்லை என்றான். தீபாவளிக்குள் லீவு கிடைப்பது சந்தேகம் என்றான். அவள் 'ம்' கொட்டினாள்.

ஒன்றரை மாதமாக அவன் வீடியோவில் வரவில்லை. கேமரா போய்விட்டது என்று சொல்லியிருந்தான். ஊருக்கு வந்தவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை? வேறு யாரும் இருக்கிறார்களா? வந்த ஆத்திரத்தில் திரும்பிப் போய்விடலாமென்றுகூடத் தோன்றியது. கால்கள்தான் கேட்கவில்லை, ஓட்டமும் நடையுமாக அவளை இழுத்துக்கொண்டு போயின.

பஸ் ஸ்டாப்பில் வேறு யாருமில்லை. சிமெண்டு பெஞ்சின் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். காலடியில் பெட்டி, விமானத்தில் கட்டிய சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல். போன் இடது கையில் இருந்தது.

"வாரேன் ரஞ்சனி. சீக்கிரம் வாரேன்."

போனிலும் கேட்டது. நேரிலும் கேட்டது.

அவள் நின்றுவிட்டாள். அவன் முழுக்கைச் சட்டையின் வலது கை, மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

அவள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனாள். இடது பக்கம் தாராளமாக இடமிருந்தது. அவள் வலது பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.