பல் தெரியும் படம்

தென்காசியில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி ரூபி டீச்சர் வீடியோ காலில் சிரிக்கிறாள். ஊரடங்கிலும் பிள்ளைகளிடம் அன்பாகப் பேசியதற்கு அத்தாட்சியாக, சிரித்த முகங்களின் படம் சாயங்காலத்துக்குள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் விழ வேண்டும் என்பது உத்தரவு. மறுமுனையில் ஏழாம் வகுப்பு பேராச்சி, புளியங்குடி கமிஷன் கடையில் தார்ப்பாயின் நீல வெளிச்சத்தில் விற்க வந்த எலுமிச்சைகளில் அழுகியவற்றைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். கண்கள் வீங்கியிருக்கின்றன, கன்னத்தில் ஒரு ஈ. "பல்லு தெரிய சிரிட்டி." ஈயைக்கூட ஓட்டாமல் பேராச்சி சிரிக்கிறாள். திரையைப் படமெடுத்து ரூபியின் போன் 'க்ளிக்' என்கிறது. "ஏட்டி, அழுதியா?" என்று கேட்க வாயெடுப்பதற்குள், "எடுத்தாச்சுல்லா டீச்சர்? வச்சிருதேன்" என்று பிள்ளை துண்டித்துவிடுகிறாள். ரூபி படத்தைத் திறக்கிறாள். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவளுடைய சொந்த முகம். பேராச்சியைவிட அதிகமாகப் பல் தெரிகிறது. மணியைப் பார்க்கிறாள். அதையே குழுவில் போடுகிறாள்.