அட்மினுக்கும் அனுமதி இல்லை

"அனுமதி இல்லை."

மறுபடி தட்டினார் அட்மின். திரையில் மறுபடியும் அதே பதில்தான். வருஷக்கணக்காகத் தான் கட்டி மேய்க்கும் சர்வர் தன்னையே வெளியே நிறுத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று பரீட்சை போர்டுக்கு. போன மாதம் செக்யூரிட்டி மேடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டிவிட்டார். லேபிள் பொருந்தாவிட்டால் அட்மினே ஆனாலும் உள்ளே கை வைக்க முடியாது. அன்றிலிருந்து ஆபீசில் மேடத்துக்குக் 'கறார்' என்றே பேர்.

அட்மின் நேரே அவர் மேஜைக்குப் போனார். போர்டு மெஷின் நொண்டுகிறது, ஒரு மணி நேரம் லேபிள் ரூலைத் தளர்த்தினால் சரிபண்ணிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மேடம் மசியவில்லை. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"அப்போ நான் திருடன், அப்படித்தானே?"

"ரூலை மாத்த முடியாது சார்."

மத்தியானம் தலையில் இடி இறங்கியது. காலையில் நடந்த பரீட்சையின் கேள்வித்தாள் முன்னாடியே வெளியே போய்விட்டதாம். போர்டு அதிகாரிகள் வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பரீட்சையை அட்மினின் மகளும் எழுதியிருக்கிறாள். சர்வரோ அவர் பொறுப்பு. வேறு யாரை முதலில் பிடிப்பார்கள்? வேலை போனால் போகட்டும், அப்பன் திருடிக் கொடுத்துத்தான் எழுதினாள் என்று பிள்ளையைச் சொல்வார்களே! உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தார், வராந்தாவில் நடந்தார், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

மேனேஜர் வெளியே வந்தார்.

"உங்களை விசாரிக்கவே வேண்டாம்னுட்டாங்க. கேள்வித்தாள் அந்த மெஷின்ல ஏறினதே போன வாரம்தான். உங்களாலதான் ஒரு மாசமா அதைத் தொடவே முடியலையாமே."

போன உயிர் திரும்பி வந்தது. மேடத்தைத் தேடி ஓடினார். அவர் மேனேஜர் அறை வாசலில் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என்னை நம்பலையேன்னு கோபப்பட்டுட்டேன்."

"பொண்ணு இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறான்னு டீ குடிக்கும்போது சொன்னீங்களே, அன்னிக்குத்தான் சார் இந்த லேபிள் வேலையையே ஆரம்பிச்சேன்."

அட்மின் அந்த அறைக் கதவைப் பார்த்தார். "நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

"அடுத்து என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்த மெஷினைத் திறக்க யாராவது ஒருத்தர் இருந்துதானே ஆகணும் சார்? எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. பேர் கெட்டாலும் என்னோட போயிடும்."